கணவனிடம் போக ஒரு கடல் முழுக்கு

போன வாரம் ஒருநாள், இருட்டிய நேரம். வியட்நாமில் வுங் டாவ் கடற்கரையில் நின்று ஒரு யூதப் பெண்ணின் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பயந்துவிடாதீர்கள். கடித்தது கையை அல்ல, கையில் கட்டியிருந்த கயிற்றை. சைகோன் முருகன் கோயில் கயிறு. கட்டியதும் நான்தான், அவிழ்க்க முடியாமல் பல்லால் மல்லுக்கட்டியதும் நான்தான்!

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

சைகோனை ஒட்டிய தூ டுக்கில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் இருப்பவள் ரூத். பெயரை மாற்றியிருக்கிறேன். "இதை எழுதட்டுமா?" என்று கேட்டேன். "பேரை மட்டும் மாத்திடு" என்றாள். நாங்கள் பேசிக்கொள்வது இங்கிலீஷில். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன். அவள் கணவன் டானிக்கு நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை. சில வாரம் கடலில், சில வாரம் வீட்டில். டானி என்பதும் மாற்றிய பெயர்தான்.

இரண்டு மாதம் முன்பு ரூத்துக்குக் கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து டானியும் நானும்தான் கூட்டி வந்தோம். லிஃப்டில் அவள் தேம்பித் தேம்பி அழுகிறாள். இந்த மனுஷன் இரண்டடி தள்ளி நிற்கிறான். தோளில் ஒரு கை வைக்கவில்லை. வீட்டுக்குள் போனதும் தண்ணீர் கொண்டு வந்தான்... அதைக்கூடக் கையில் கொடுக்கவில்லை. மேஜையில் வைத்தான், அவள் எடுத்துக் குடித்தாள். நீயெல்லாம் ஒரு புருஷனா என்று கேட்க வாய்வரை வந்தது. அவன் கண்ணைப் பார்த்தேன். சிவந்து வீங்கியிருந்தது.

அவன் மறுபடி வேலைக்குப் போன பிறகுதான் ரூத் விளக்கினாள். மாதவிலக்கோ கருக்கலைவோ, ரத்தம் பட்டால் அவர்கள் வழக்கப்படி கணவனும் மனைவியும் தொட்டுக்கொள்ளக் கூடாதாம். அது முழுசாக நின்று, அதன் பிறகு ஏழு நாள் சுத்தமாகக் கழிந்து, இருட்டியதும் இயற்கையான நீரில் தலை முழுகி எழ வேண்டும். அதற்கப்புறம்தான் விரல்கூடப் படலாம். இவளுக்கு உடம்பு சீக்கிரம் தேறவில்லை. நின்றது என்று நினைத்தால் மறுபடி பட்டது. ஆக இரண்டு மாதமும் குழந்தை போன துக்கத்தை ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதம் மூன்று நாள் தனித் தட்டு, தனிப் பாய் என்று இருந்த வீட்டில், அம்மாவோடு சண்டை போட்டே வளர்ந்தவள் நான். இங்கே வந்து, இவ்வளவு படித்த பெண்ணிடமும் அதே கதையா?

"இது தீட்டுதானே ரூத்? வேற என்ன?"

"எனக்கும் கோபம் வரும் கீதா. இந்தத் தடவை ரொம்பவே வந்துச்சு. ஆனா நீ சொல்ற மாதிரி இல்ல. நான் சமைக்கிறேன், கடவுள்கிட்ட வேண்டிக்கிறேன், எல்லாம் பண்றேன். டானியைத்தான் தொடக் கூடாது."

"அதாவது... சாமிகிட்ட போகலாம், புருஷன்கிட்ட போகக் கூடாது?"

"ஆமா."

தலை சுற்றியது. நம் வீட்டில் நேர் தலைகீழ் ஆச்சே! பூஜையறைப் பக்கம்தானே போகக் கூடாது? சாமியை விடக் கெடுபிடி அந்தப் புருஷனுக்கா?

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். ஒருவழியாக ஏழு நாளும் கழிந்துவிட்டது. அன்று இரவுதான் டானியும் வுங் டாவ் கரைக்கு வருகிறான். ஆனால் ஆள் பற்றாக்குறை, மறுநாள் விட்டு அதற்கடுத்த நாள் விடியற்காலையே வேலைக்குத் திரும்ப வேண்டும். சைகோனில் அவர்கள் முழுகுகிற குளம் அந்த வாரம் மூடியிருந்தது. கடல் என்றால் செல்லுமாம். ஆனால் மறுநாள் கடலில் யாரும் இறங்கக் கூடாது என்று புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. இன்றைக்கு விட்டால் இன்னும் பல வாரம் தள்ளித் தள்ளி நிற்க வேண்டியதுதான்.

"முழுசா முங்கினேனான்னு பாக்க ஒரு யூதப் பொண்ணு இருக்கணும். இங்க யாரும் கிடைக்கல. எங்க மதகுருகிட்ட போன்ல கேட்டு ஒரு வழி வாங்கிட்டேன். நீ சும்மா கரையில நில்லு. தனியா இறங்க பயமா இருக்கு" என்றாள்.

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? கடல் ஸ்நானம் என்றதும் என் மண்டையில் ராமேஸ்வரம்தான் ஓடியது. காலையிலேயே கோயிலுக்குப் போய், பத்திரமாக இறங்கி ஏற வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு, ஒரு சிவப்புக் கயிறு வாங்கி வந்தேன். ஃபெர்ரியில் உட்கார்ந்ததும் அவள் கையில் இறுக்கிக் கட்டினேன். கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஹோட்டல் அறையில் ஒரு மணி நேரம் தயாரானாள். நகத்தை வெட்டினாள், நெயில் பாலிஷை அழித்தாள், தலையைச் சிக்கில்லாமல் வாரினாள். கல்யாண மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். புருஷனிடம் போவதற்காக ஒருத்தி கல்யாண மோதிரத்தைக் கழற்றுவாளா? நம்மூரில் யாராவது தாலியைக் கழற்றி, "கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்பார்களா?

இருட்டியது. கரைக்கு வந்தோம். அப்போதுதான் மெதுவாகச் சொன்னாள்: "கீதா, இந்தக் கயிறையும் எடுக்கணும்."

"ஐயய்யோ! அதை நானே கழட்டக் கூடாது, அதுவா விழணும்."

"உடம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல எதுவும் இருக்கக் கூடாது. இந்த கவுன் தொளதொளன்னு இருக்கு, தண்ணி உள்ள போகும், பரவாயில்ல. கயிறு தோலை ஒட்டி இறுக்கமா இருக்கு. இதோட முங்கினா செல்லாது." கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம்... வேற கோயில் கயிறை நான் கட்டிக்கவே கூடாது. நீ ஆசையா கட்டினே. உன் மனசு நோகுமேன்னு பேசாம இருந்துட்டேன்."

எனக்கு முகம் செத்துவிட்டது. எடுத்துவிடலாம் என்றால் முடிச்சு வரவில்லை. நகத்தால் நோண்டினேன். பல்லால் கடித்தேன். ம்ஹூம். அறுத்துவிடலாம் என்றால்... கடலில் இறங்குகிற நேரத்தில், காப்பாகக் கட்டிய கயிற்றை அறுப்பதா? ஏதாவது ஆகிவிட்டால்? அறுக்காவிட்டால் இவள் கணவனிடம் போக முடியாது. முருகா, என்ன இப்படி மாட்டிவிட்டாய்?

"சி ஓய்!" என்று பக்கத்தில் ஒரு குரல். வியட்நாமில் அக்கா என்று கூப்பிடுவது இப்படித்தான். கரி அடுப்பில் கணவாய் சுட்டு விற்கிற அம்மாள். நாங்கள் கையோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். கணவாய் நறுக்கும் கத்தரிக்கோலை ஏப்ரனில் துடைத்தார். ரூத்தின் கையைப் பிடித்தார். கறக். கயிறு மணலில் விழுந்தது. அவர் பாட்டுக்கு அடுப்பை விசிறப் போய்விட்டார்.

நான் சைவம். ரூத் மதத்தில் கணவாய் ஆகாது. முருகன் கயிறு போனது கணவாய்க் கத்தரிக்கோலில்! எங்கள் மூன்று பேரில் குழப்பமே இல்லாமல் இருந்தவர் அந்த அம்மாள் மட்டும்தான்.

கயிற்றை எடுத்துக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். ரூத்தோ, கையில் எண்ணெய் பட்டுவிட்டது என்று பாட்டில் தண்ணீரை ஊற்றித் தேய் தேய் என்று தேய்க்கிறாள். பிறகு இறங்கினாள்.

இடுப்பளவு. கழுத்தளவு. ஒரு முழுக்கு. எழுந்து ஏதோ மந்திரம் மாதிரி முணுமுணுத்தாள். இன்னொரு முழுக்கு. மூன்றாவது முழுக்கில் பெரிய அலை ஒன்று வந்தது... ஆளைக் காணோம். "ரூத்!" என்று அலறிக்கொண்டு புடவையோடு ஓடினேன். முழங்கால் தண்ணீரில் நான் தடுமாறும்போது தலை தெரிந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா, எனக்குப் புரியவில்லை.

துண்டைப் போர்த்திவிட்டுக் கேட்டேன். "சரி, இப்ப எங்க போய்க் கும்பிடணும்?"

"கும்பிடணுமா? டானிகிட்ட போறேன்."

"அது தெரியும். அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒண்ணுமில்ல. அதுக்குத்தான் இவ்வளவும்."

"அப்போ சாமி?"

"அவரும் அங்கதான் இருப்பார். புருஷன் பொண்டாட்டி ஒழுங்கா இருந்தா ரெண்டு பேருக்கும் நடுவுல வந்து இருப்பார்னு எங்க பெரியவங்க சொல்வாங்க."

"எங்க... பெட்ரூம்லயா?"

"பெட்ரூம்லயும்தான்" என்றாள் சாதாரணமாக.

என் வீட்டுக்காரர் பெட்ரூமில் மாட்டிய முருகன் காலண்டரை, இங்கேயெல்லாம் சாமி படமா என்று திட்டி ஹாலுக்கு மாற்றியவள் நான். கோயிலுக்குப் போகக் குளிப்போம். விரதத்துக்குக் குளிப்போம். புருஷனிடம் போவதையே கும்பிடுவதாக நினைத்துக் குளிப்பதை என்னவென்று எடுத்துக்கொள்வது? பக்தியா? குடித்தனமா? அவ்வளவு பெரிய விஷயம் என்றால், அன்று அந்த லிஃப்டில் ஒரு கை வைக்க விட்டிருக்கக் கூடாதா அவர்கள் சாமி? அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

நாங்கள் ஹோட்டலுக்குத் திரும்பியபோது வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. டானி இறங்கினான். தோளில் பை. இரண்டடி தள்ளியே நின்றான். கண்ணாலேயே கேட்டான். ஆச்சு என்று ரூத் தலையை ஆட்டினாள்.

பை கீழே விழுந்தது. ஈரத் தலையில் உள்ளங்கையை வைத்தான். அவ்வளவுதான். லிஃப்டில் அழ வேண்டியதை இரண்டு பேரும் சேர்த்து அங்கே அழுதார்கள். என் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனது. சட்டென்று இறக்கிக்கொண்டு, மோதிரத்தை அவள் கையில் திணித்துவிட்டு, பஸ் பிடிக்க நடந்தேன். எதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனேன்? சத்தியமாகத் தெரியவில்லை.

பஸ் கிளம்பியதும் என் வீட்டுக்காரர் போன் செய்தார்.

"என்னமோ புண்ணிய ஸ்நானம்னு போனியே, சாமி தரிசனம் நல்லபடியா ஆச்சா?"

"ஆச்சான்னு தெரியலைங்க... நான் வர்றவரைக்கும் தூங்கிடாதீங்க."

மனுஷர் ரொம்பப் பயந்த குரலில் கேட்டார்:

"ஏன், நான் என்ன தப்பு பண்ணினேன்?"