அண்ணன் அறுத்த லெஃப்ட் ஹேண்ட் கிட்டார்

எங்கள் வீட்டு இட்லியில் கொஞ்ச நாள் தேக்கு மரத்தூள் இருந்தது.

சிரிக்காதீர்கள், நிஜம்தான். சட்னியில் இருந்தது, அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் இருந்தது, நான் ஆபீஸுக்குப் போடும் துப்பட்டாவில்கூட இருந்தது. சாம் அண்ணன் மொட்டை மாடியில் மரம் அறுத்தால் தூள் அத்தனையும் படிக்கட்டு வழியாக நேராகச் சமையலறைக்குத்தான் இறங்கும். அம்மா கரண்டியோடு மேலே பார்த்துக் கத்துவாள்.

கிழக்கு தாம்பரத்தில் அப்போது எங்களுக்கு வாடகை வீடு. நான் கிண்டியில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. அண்ணன் குரோம்பேட்டையில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் இருந்தான்.

நான் பிறவியிலேயே இடது கைக்காரி. அப்பா ஸ்கூல் வாத்தியார். இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்ன? அதட்டி அதட்டியே என்னை வலது கைக்கு மாற்றிவிட்டார் மனுஷன். கிட்டார் மட்டும் மாற மாட்டேன் என்றது. சர்ச் கிட்டாரை இரவல் வாங்கி, தலைகீழாகப் பிடித்துத்தான் வாசிக்கப் பழகினேன். தடித்த கம்பி கீழே, மெல்லிய கம்பி மேலே... பார்க்கிறவர்களுக்கே தலை சுற்றும்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸில் என்னை வாசிக்கச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் வந்து அப்பாவிடம் சொன்னேன்.

“சபை பூரா பார்த்துகிட்டு இருக்கும். அங்க போய் பீச்சாங்கையால வாசிக்கப் போறியா? தாராளமா வாசி. நான் வரல.”

வாசிக்காதே என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வரல என்றாரே... அதுதான் சுருக்கென்றது. அப்பா இல்லாத ஆலயத்தில் யாருக்காக வாசிப்பது?

அண்ணன்தான் வழி கண்டுபிடித்தான்.

“தலைகீழா புடிச்சா கோணலாத்தான் தெரியும். உன் கைக்குன்னே ஒரு எலக்ட்ரிக் கிட்டார் பண்ணிட்டா? அப்ப யார் இன்னா சொல்லுவா?”

“உனக்குப் பண்ணத் தெரியுமா?”

“டிவியவே பிரிச்சு மாட்றேன். இது இன்னா பெரிய இது... ஒரு கட்டை, ஆறு கம்பி!”

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இடித்த வீட்டுத் தேக்குச் சட்டங்கள் கிடைத்தன. உடம்பு உடைந்து கழுத்து மட்டும் மிச்சமிருந்த ஒரு கிட்டாரும் கிடைத்தது. டவுன் பஸ்ஸில் அந்தக் கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், ஏதோ கைக்குழந்தை போல. சட்டங்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி இழைத்து ஒரே பலகையாக்கினான் அண்ணன். சர்ச் கிட்டாரை அட்டையில் வைத்துச் சுற்றி வரைந்தான். அந்த அட்டையைத் திருப்பிப் போட்டு வரைந்தால் லெஃப்ட் ஹேண்ட். அவ்வளவுதான் சூட்சுமம்.

திருப்பித்தான் போட்டான். சரியாகத்தான் அறுத்தான். ஆனால் வரைந்த பக்கம் முழுக்கப் பழைய ஆணி ஓட்டைகள். அசிங்கமாக இருக்கிறதே என்று மறுபக்கத்தை முன்பக்கமாக்கி, கம்பிச் சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப் உட்காரக் குழி தோண்டி, கழுத்தையும் பொருத்தி, ராப்பகலாகத் தேய்த்துத் தேய்த்து மெழுகாக்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். காயப்போட்ட துணியை எடுக்க அப்பா மாடிக்கு வந்தார். நாற்காலியில் உட்கார வேண்டும், அதில் கிட்டார் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வைத்தவர் அசைத்துப் பார்த்தார்.

“பரவாயில்லையேடா... எனக்கே கச்சிதமா உக்காருது!”

அண்ணன் அவரைப் பார்த்தான். கிட்டாரைப் பார்த்தான். முகம் வெளுத்துப்போனது.

“அய்யய்யோ... ரைட் ஹேண்டா போச்சே!”

பலகையைப் புரட்டியதில் அட்டையைத் திருப்பியது வீணாகிவிட்டது. கழுத்தடியில் விரல்கள் எட்டுவதற்காக வெட்டிய வளைவு கீழே வர வேண்டும். நான் பிடித்தால் மேலே போய் நின்றது. சர்வீஸுக்கு ஒரு வாரம்கூட இல்லை. “வுடு, என்னால ஆவாது” என்று உப்புத்தாளை வீசிவிட்டு அண்ணன் கீழே இறங்கிப் போனான். நான் அழுதேன். வேலைக்குப் போகிற பெண், வெட்கமே இல்லாமல் தேம்பித் தேம்பி அழுதேன்.

அப்பா போகவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

“எங்க, நீ வச்சுக்கோ. இடது கையால மீட்டு. கம்பி அழுத்துற கை எங்க இடிக்குது?”

இடது கை என்றார்! எனக்கு அழுகையே நின்றுவிட்டது. என் வலது கை விரல்கள் மரத்தில் இடித்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டார். ஸ்கூலில் வரைபடம் போடுகிற அதே கை.

“சாம்! மேல வாடா. மேல வெட்டுன மாதிரியே கீழயும் வெட்டு.”

“வெட்டினா ஷேப்பே போயிடும்ப்பா.”

“போகட்டும். அவ கைக்குச் சரியா இருந்தா போதும்.”

அண்ணன் அறுத்தான். பலகை ஆடாமல் அப்பா இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். வெள்ளை வேட்டி முழுக்கத் தூள். அம்மா கீழே இருந்து கத்தியதை அன்றைக்கு யாரும் காதில் வாங்கவில்லை.

கிட்டார் கடைசியில் இரண்டு கொம்பு முளைத்த ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. சத்தத்தோடு ஒரு ‘ஙொய்ங்’ வேறு. அது அடங்க, நான் வாசித்து முடிக்கும்வரை அண்ணன் ஸ்பீக்கர் பின்னால் குந்தி எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்பா இரண்டாவது வரிசையில் இருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், “லெஃப்ட் ஹேண்ட் கிட்டார் சார், வீட்லயே பண்ணது” என்று பாட்டு நடுவிலேயே சொன்னாராம். அம்மா சொல்லித்தான் தெரியும்.

இப்போது பெருங்களத்தூர் ஃபிளாட்டில் இருக்கிறோம். இங்கே பால்கனியில் ஒரு ஆணி அடித்தாலே அசோசியேஷன் குரூப்பில் மெசேஜ் வரும். லெஃப்ட் ஹேண்ட் கிட்டார் வேண்டுமானால் போனில் தட்டினால் போதும், பளபளவென்று வீட்டு வாசலுக்கே வந்துவிடும். நல்லதுதான். ஆனால் அதை வாங்க யாரும் யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை, சேர்ந்து உட்கார வேண்டியதும் இல்லை.

அப்பா எங்களோடுதான் இருக்கிறார். என் மகளுக்கும் இடது கைப் பழக்கம். காலையில் அவளுக்கு டிபன் வைப்பது அவர்தான். ஸ்பூனைத் தட்டுக்கு இடப்பக்கம் வைப்பார். யாரும் சொல்லித்தரவில்லை.

போன வாரம் எனக்கும் அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“வேணாம்ப்பா... எனக்கு இப்ப ரைட்லதான் வருது” என்றேன்.

அவர் ஸ்பூனை எடுத்து வலப்பக்கம் வைத்தார். பிறகு கொஞ்ச நேரம் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.