இடது கைக்குப் பழகிய நாய்

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கையும் பேச்சும் போன பிறகு, அவர் சொல்வது வீட்டில் யாருக்கும் புரியவில்லை. நாங்களாவது புரிந்த மாதிரி தலையாட்டினோம். நாய்க்கு அந்த நடிப்பெல்லாம் தெரியாது. குட்டியிலிருந்து ‘உக்காரு’, ‘நில்லு’ என்று சொல்லி அதை வளர்த்தவர் அவர்தான். இப்போது அவர் குழறினால், வாலை ஆட்டிவிட்டு அப்பால் போய்விடும். அவருக்குக் கண் கலங்கும்.

சரி, கைச்சாடையைப் பழக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். திண்டிவனத்திலிருந்து தினமும் விழுப்புரத்துக்கு வேலைக்கு ஓடுகிறவளுக்குத் தனியாக நேரம் ஏது? காலையில் கேட்டைத் திறக்கும் முன், சோற்றுத் தட்டை வைக்கும் முன், சாயந்திரம் பஸ் இறங்கி வந்ததும், இப்படி இரண்டிரண்டு நிமிடம். வாயைத் திறக்காமல் இடது கையைத் தூக்குவேன். உட்கார்ந்தால் ஒரு துண்டு பொறை ரொட்டி.

“பஸ்ஸு போயிடப் போவுது. நாய்கிட்ட கைய ஆட்டிக்கினு நிக்கிற. ஜல்தி கெளம்பு” என்று அம்மா கத்துவாள்.

இரண்டு மாதத்தில் படிந்துவிட்டது. ஓடுகிற ஓட்டத்திலும் என் கையைப் பார்த்தால் உட்காரும். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. அவர் முகம் மலர்வதைத் திடீரென்று பார்க்க வேண்டும் என்று ஆசை. அதனால் பயிற்சியெல்லாம் அவர் கண்ணில் படாமல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மடியில் பொறையை வைத்தேன். அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டிவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டேன். அவருக்குப் புரிந்தது. நாயைப் பார்த்துத் தானே கையைத் தூக்கினார்.

நாய் அந்தக் கையைப் பார்த்தது. பிறகு அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தது. உட்காரலாமா என்று கேட்கிற பார்வை. என்னை அறியாமல் தலையசைத்துவிட்டேன். உட்கார்ந்தது.

“பாத்தீங்களா, உக்காந்துடுச்சு! நீங்க சொன்னா இன்னமும் கேக்குது” என்றாள் அம்மா.

அப்பா ஏமாறவில்லை. நாயின் பார்வை போன திசையில் மெதுவாகத் திரும்பினார். அவர் முகத்தில் கோபமே இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த இரண்டு மாதமும் கட்டிலருகே நின்று அவர் கையாலேயே பழக்கியிருக்கலாம். அவருக்காக என்று சொல்லிக்கொண்டு, அவரிடம் மிச்சமிருந்த ஒரே உயிரையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மடியிலிருந்த பொறையை எடுத்து, நீயே கொடு என்பதுபோல் என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நாய் எழுந்து என்னிடம் வந்தது.