சட்டையைக் கிழித்த மூச்சு

காலை பத்து மணியாகியும் எதிர்க் கடைக்காரர் தக்காளிப் பெட்டிகளை வெளியே வைக்கவில்லை. அதைத்தான் நான் முதலில் கண்டேன். அவர் ஈராக்கியர். ஒவ்வொரு நாளும் ஒன்பதரைக்கே பெட்டிகளை அடுக்கிவிட்டு எங்கள் தையற்கடைப் பக்கம் கையசைப்பார். அன்று கைபேசியைக் காதில் வைத்தபடி வாசலில் நின்றார். பிறகு எங்களிடம் வந்தார்.

"சித் வஜீஹா போயிட்டா. நேற்றுப் பின்னேரம், மகளின்ரை வீட்டிலை. தேத்தண்ணி குடிச்சிட்டுச் சாய்ஞ்சவவாம்."

கடைக்காரியான வசந்தி அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

சித் என்பது பெரிய பெண்மணிகளை ஈராக்கியர் மரியாதையாக அழைக்கும் சொல். சித் வஜீஹா பஸ்ரா நகரத்துப் பாடகி. அந்த நாட்டில் அவருடைய குரலைக் கேட்டு வளராதவர்கள் குறைவு என்று எதிர்க் கடைக்காரர் சொல்வார். எங்கள் தமிழ் ஆட்களில் அவரை அறிந்தவர்கள் சிலர்தான். அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். எனக்கு அரபு தெரியாது. சித் வஜீஹாவும் நானும் நோர்வே மொழியான நொஷ்க்கில்தான் கதைத்தோம். அவர் சொன்னவற்றை என் வீட்டுத் தமிழில் தருகிறேன்.

அவருடைய தந்தையார் பேரீச்சம்பழம் ஏற்றும் படகோட்டி. பத்தொன்பது வயதில் வஜீஹா வானொலியில் பாடப் போனபோது, ஒலிவாங்கியிலிருந்து மூன்று அடி தள்ளி நிற்கச் சொன்னார்களாம். குரல் அவ்வளவு பெரியது. சில வருடங்களில் அவருடைய ஒலிநாடா இல்லாத வாடகைக் கார் அங்கே இல்லை என்றாயிற்று. ஒருநாள் அப்படியொரு காரில் போகும்போது தோழியோடு கதைத்துக்கொண்டிருந்தாராம். ஓட்டுநர் திரும்பி, "அம்மா, வஜீஹா பாடேக்கை வாயை மூடுங்கோ," என்றாராம். "நானும் மூடிக்கொண்டு இருந்தனான். என்ரை பாட்டை முழுசாக் கேட்டது அண்டைக்குத்தான்," என்பார்.

போர்களுக்குப் பிறகு, கணவரை இழந்து, ஆறு வயது மகளோடு ஒஸ்லோவுக்கு வந்தார். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல் வேலை. "பஸ்ராவிலை நான் இருமினாலும் கைதட்டினவை. இஞ்சை மீன் உருண்டைக்குக்கூட ஒருத்தரும் தட்டேல்லை," என்று சிரிப்பார். சனிக்கிழமைகளில் திருமண வீடுகளில் பாடினார். திராமன், ஸ்தவாங்கர் போன்ற வேறு நகரங்களுக்கும் கூப்பிட்டார்கள். எத்தனை பேர் இருந்தாலும், ஒரு பெரிய அரங்கில் நிற்பதுபோலவே உடுத்துக்கொண்டு போவார். அந்த உடுப்புகள் எல்லாம் ஒஸ்லோவின் ட்வெய்ட்டாப் பகுதியில் உள்ள எங்கள் கடைக்குத்தான் வரும்.

நான் அங்கே போனது இரண்டு வருடங்களுக்கு முன். வகுப்பில் எழும்பி நின்று கதைக்க வேண்டிய நாட்களில் எனக்கு வயிற்றுவலி வரும். பதினாறு வயதில் படிப்பை நிறுத்திவிட்டேன். ஊசி நூல் கதைக்கச் சொல்லாது என்று நினைத்து வசந்தி அக்காவிடம் போனேன். "மூண்டு மாசம் பாப்பம். சரிவந்தால் இரு," என்றார் அக்கா. அந்த வேலையும் இல்லையென்றால் வேறு எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மாதத்தில் சித் வஜீஹா ஒரு பச்சை வெல்வெட் சட்டையோடு வந்தார். மெலிந்திருந்தார், சட்டையின் பக்கங்களை உள்ளே பிடித்துத் தைக்க வேண்டும். அக்கா பல் வைத்தியரிடம் போயிருந்தார். அக்கா எனக்கு ஒன்றை முன்பே சொல்லித் தந்திருந்தார்: பாடுகிறவர்களுக்கு அளவெடுக்கும்போது மூச்சை முழுதாக இழுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும், அந்த அளவுக்குத்தான் தைக்க வேண்டும். எனக்கு அது நினைவில் இருந்தது. ஆனால் அவ்வளவு பெரியவரைப் பார்த்து "மூச்சை இழுங்கோ" என்று சொல்ல வாய் வரவில்லை. நாடாவை அவரைச் சுற்றி வைத்து, சுட்டுவிட்டதுபோல எடுத்துவிட்டேன்.

அந்த அளவுக்கே சட்டையைத் தைத்துக் கொடுத்தேன். அதை உடுத்த கச்சேரி திராமனில். அக்காவையும் என்னையும் அழைத்திருந்தார். பின்வரிசையில் இருந்தோம். மூன்றாவது பாட்டில் ஒரு நீண்ட அடியைப் பாடிக்கொண்டே போனார். போகப்போகக் குரல் விரிந்தது. அப்போது இடப்பக்கத் தையல், அக்குளிலிருந்து இடுப்புவரை திறந்தது. வாத்தியங்கள் நின்றன.

அவர் குனிந்து பார்த்தார். கிழிந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. பக்கத்தில் இருந்த பெண் எங்களுக்கு நொஷ்க்கில் சொன்னார்: "தன்ரை மூச்சை வெல்வெட்டே தாங்கேல்லையாம். நீங்கள் என்னெண்டு தாங்கப்போறியள் எண்டு கேக்கிறா."

இடுப்பில் கை வைத்தபடியே மிச்சத்தைப் பாடினார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "துளசி, மூச்சு இழுக்கச் சொல்லித்தானே அளவெடுத்தனி?"

நான் குனிந்துகொண்டேன்.

"சரி. நாளைக்குக் கதைப்பம்."

அடுத்த நாள் நான் கடைக்குப் போனபோது சித் வஜீஹா எனக்கு முன்பே வந்து, அக்காவின் கதிரையில் இருந்தார்.

"வசந்தி, இந்தப் பிள்ளையை ஏசாதை. இவள் மூச்சை இழுக்கத்தான் சொன்னவள். நான் பாதிதான் இழுத்தனான். மெல்லிசாத் தெரியவேணும் எண்ட ஆசை."

அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்தார். "இந்த வயசிலையோ?"

"இந்த வயசிலைதான்."

அக்கா சிரித்துவிட்டுத் தேநீர் போடப் போனார். நான் ஊசிகளைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் சொல்லேல்லையே. நீங்கள் ஏன்..." என்று மெதுவாகத் தொடங்கினேன்.

"நான் இருக்கிறவரைக்கும் அது என்ரை கதை," என்றார். "அதுக்குப் பிறகு உன்ரை. இப்ப அளவெடு."

மூச்சை இழுத்தார். நாடா என் விரல்களுக்குள்ளால் ஓடியது. மூச்சுக்கு முன்பிருந்த அளவைவிட ஒன்பது சென்ரிமீற்றர் கூட. ஒரு மனிதருக்குள் இவ்வளவு இடம் இருக்கும் என்று அன்றுதான் கண்டேன். அந்த வாரமே அக்கா என்னை நிரந்தரமாக வைத்துக்கொண்டார்.

அந்தக் கதை அவரிடம் வளர்ந்துகொண்டே போனது. நோன்புப் பெருநாளுக்குள் இரண்டு பக்கமும் கிழிந்துவிட்டது. ஸ்தவாங்கரில் ஒரு திருமணத்தில் சொன்னபோது, பொத்தான் பறந்து தபேலாக்காரரின் மூக்கில் பட்டது. அந்தச் சட்டைக்குப் பொத்தானே இல்லை. கடையில் யாருக்காவது சொல்லும்போது என் பக்கம் திரும்பி, "ஓமோ இல்லையோ, பிள்ளை?" என்பார். நான் தலையாட்டுவேன்.

இந்த வருடம் அவருக்கு முன்பே இருந்த சுவாசப்பை நோய் கூடியது. கடைசியாக அளவெடுத்தபோது, "எவ்வளவு?" என்று கேட்டார். நாலு என்றேன். "போதும். தாலாட்டுக்குக் காணும்," என்றார். அப்போது மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தான் பாடியும் குழந்தை நித்திரை கொள்ளாமல் கண்ணை விழித்துக் கேட்டுக்கொண்டே கிடந்தது என்று குறைப்பட்டார். முகத்தில் குறை இல்லை.

அடக்கம் முடிந்து மறுநாள் மகளின் வீட்டில் பெண்கள் கூடினார்கள். அக்காவோடு நானும் போனேன். துக்க வீட்டு வழக்கப்படி சீனியில்லாத கோப்பி தந்தார்கள். ஒரு முதிய தோழி நொஷ்க்கில் திராமன் கதையைத் தொடங்கினார். இப்போது அதில் மேடை விளக்கும் அணைந்திருந்தது. முடித்ததும் என்னைக் காட்டி, "தைச்ச பிள்ளை இவதான்," என்றார். எல்லாரும் பார்த்தார்கள். வகுப்பில் எழும்பி நிற்பதுபோல இருந்தது. தலையாட்டிவிட்டால் முடிந்திருக்கும்.

"பிழை என்னுடையது," என்றேன். "மூச்சை இழுங்கோ எண்டு நான் சொல்லேல்லை. எனக்கு வெக்கமா இருந்தது. அவ என்ரை வேலைக்காக, பாதிதான் இழுத்தனான் எண்டு பொய் சொன்னவ."

மகள், மடியில் குழந்தையோடு, மெல்லச் சிரிக்கத் தொடங்கினார். "அம்மா பாதி மூச்சு இழுத்தவவோ? மருந்து குடிக்கவும் முழு மூச்சு இழுக்கிறவ. நான் அண்டைக்கே நம்பேல்லை." அந்தத் தோழி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இது தன்னுடைய கதையைவிட நல்லது என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"நாளைக்கு ஒன்பதுக்கே வா. கலியாணச் சட்டை ரெண்டு கிடக்கு."

போய்வாருங்கள், சித் வஜீஹா. பயணத்தில் மூச்சு இறுகாதிருக்கட்டும்.

அக்கா அதைச் சொன்ன நேரம் கதவு மணி அடித்தது. இன்னும் நான்கு பெண்கள் வந்தார்கள். மகள் அவர்களை இருத்திவிட்டு, இவர்களுக்கும் சொல்லும்படி என்னிடம் சொன்னார். நான் சுவரோரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து இருந்தேன். "அண்டைக்கு எங்கடை அக்கா பல் வைத்தியரிட்டைப் போயிட்டா," என்று தொடங்கினேன்.