திரியின் சராசரி

அந்த அறிக்கையில் கூட்டல் பிழையோ வகுத்தல் பிழையோ ஒன்றும் இல்லை. பலமுறை சரிபார்த்துவிட்டேன். இதை எழுதும்போதும் அதன் நகல் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கிழித்துப் போட மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

நான் புள்ளியியல் படித்தவன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அலுவலக வேலை பார்த்தேன். விருதுநகரிலிருந்து பஸ் மாறிப் போய்வருவேன். அந்த ஆலையில் 'டெஸ்ட்' போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் திமிரும் எனக்கு இருந்தது.

ஒரு தீபாவளி சீசனுக்கு முன்னால் மேனேஜர் புது இடத்தில் வெடித் திரி வாங்கினார். பழைய திரிக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்று முதலாளியிடம் காட்ட அவருக்கு ஒரு தாள் தேவைப்பட்டது.

"சராசரி ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க சார். ரொம்ப ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்காதீக. லோடு நிக்கிது."

ஒரே நீளத்துக்கு நறுக்கிய திரிகளைத் திறந்த வெளியில் ஒவ்வொன்றாகக் கொளுத்தி, ஸ்டாப் வாட்சில் நேரம் பார்த்தோம். பழையதில் முப்பது, புதியதில் முப்பது. கொளுத்தியவர் திரி அறையில் பல வருடமாக வேலை பார்க்கும் ஒரு அம்மா. நான் நேரத்தை நோட்டில் எழுதினேன். புதிய திரியில் பாதி முடிவதற்குள் அவர் நிமிர்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இது சரியில்ல. ஒண்ணு சுருக்குன்னு ஓடிருது, ஒண்ணு தூங்கித் தூங்கி எரியுது. பழசு இப்பிடியா எரிஞ்சுச்சு?"

"எல்லாத்தையும் சேத்துச் சராசரி பாப்போம்மா. அதுலதான் உண்மை தெரியும்."

"தூங்குற திரியையும் ஓடுற திரியையும் சேத்து ஒரே வெடியிலயா வைக்கப் போறீக?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

டி-டெஸ்ட் போட்டேன். அது இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை. இரண்டு திரிகளுக்கும் ஏறக்குறைய ஐந்து விநாடி வந்தது. 'குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்கு முன்னால் எஃப்-டெஸ்ட் என்று ஒன்று உண்டு. அளவுகள் தங்கள் சராசரியை ஒட்டி நிற்கின்றனவா, விலகிச் சிதறிக் கிடக்கின்றனவா என்று அது பார்க்கும். கல்லூரியில் எங்களுக்கு அதைத்தான் முதலில் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. மேனேஜர் கேட்கவில்லை, லோடு நின்றது, மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு பெட்டி பட்டாசு கொடுப்பார்கள். அந்த சீசனில் செய்த சரக்கிலிருந்தே கட்டியது. "எங்கப்பா கம்பெனி வெடி" என்று தெருப் பிள்ளைகளிடம் பெட்டியைத் திறந்து காட்டினாள் என் மகள். பத்து வயது. அவளுக்கு நான் ஒரு பழக்கம் கற்றுக் கொடுத்திருந்தேன். திரி பற்றியதும் திரும்பி நட, ஐந்து வரைக்கும் எண்ணு, அதற்குள் வாசற்படிக்கு வந்துவிடலாம். ஓடக்கூடாது, ஓடினால் விழுவாய். இது என் கணக்கு.

தீபாவளியன்று காலை குனிந்து ஊதுபத்தியை வைத்தாள். நிமிர்வதற்குள் வெடித்தது.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலது கண்ணை மூடிக் கட்டுப் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள்தான் சரியாகப் பேசினாள்.

"நான் எண்ணத்தான் செஞ்சேன்ப்பா. ஒண்ணு சொல்லி முடிக்கல. நான் வேகமா எண்ணலையோ?"

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. டெஸ்ட் போட்டவுக நீங்கதான?"

நோட்டு என் தோள்பையிலேயே கிடந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு திரிகளின் சிதறலையும் கணக்குப் போட்டு ஒன்றை மற்றதால் வகுத்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எஃப்-டெஸ்டின் முடிவை ஒப்பிடும் அட்டவணை கையில் இல்லை, தேவைப்படவும் இல்லை. புதிய திரியின் சிதறல் பழையதைப் போலப் பல மடங்கு. மெதுவாக எரிந்த திரிகள் ஓடிய திரிகளைச் சராசரிக்குள் ஒளித்து வைத்திருந்தன. அந்த அம்மா வெறும் கண்ணால் கண்டது இதைத்தான்.

மறுநாள் மேனேஜர் ஆப்பிள் பையோடு வந்தார். "பிள்ளைக எப்பவும் ரொம்பக் கிட்டக்கப் போயிருதுக சார்" என்று தொடங்கினார். நான் மருந்துச் சீட்டை அவர் கையில் திணித்தேன்.

"மிச்சத் திரி எம்புட்டு இருக்கு? அம்புட்டையும் அழிங்க. வெளிய போன சரக்கத் திருப்பி எடுங்க."

அவர் சீட்டைப் படித்தார், மடித்தார், என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"இத அன்னைக்கே குடுத்திருக்கலாமே சார்? நான் சராசரி கேட்டேன், வாஸ்தவம். எனக்கு அம்புட்டுத்தான் தெரியும். தெரிஞ்சவுக சொல்லணும்னுதான உங்கள வச்சிருக்கோம்? எங்கிட்ட இருக்கிற தாளுல வித்தியாசமில்லன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீக."

அந்த ஆளை அன்று வெறுத்தேன், இன்றும் வெறுக்கிறேன். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதற்காகக் கூடுதலாக வெறுக்கிறேன்.

"பழத்த எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் என் மனைவி. அவர் எடுத்துக்கொண்டு போனார்.

வேலையை விட்டேன். மிச்சத் திரியை நனைத்துக் கொட்டிவிட்டதாக அலுவலகத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நான் நம்பவில்லை. சில மாதம் கழித்து அந்தத் திரி அறை அம்மாவை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். நெருங்கிப் போய், "கொட்டுனது நெசமாம்மா?" என்று கேட்டேன்.

"பாதிப் பேரு கொட்டியாச்சுங்காக, பாதிப் பேரு வெடியில வச்சே ஓட்டியாச்சுங்காக. நீங்கதான் படிச்சவுக. சேத்து ஒரு சராசரி பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.

மகளுக்கு அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. எழுத்து தெரியாது. அடுத்த தீபாவளிக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். தெருவில் பிள்ளைகள் "பத்திருச்சு" என்று கத்தும்போதெல்லாம் அவள் உதடு அசைந்தது. நான் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கில் வெடித்தது. ஐந்தில் வெடித்தது. மறுபடியும் ஐந்து. பிறகு ஒருமுறை, ஒன்றிலேயே.

எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். பிள்ளைகள் முழுசாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கிடந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கி, எந்த ஆலைச் சரக்கு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கருகியதில் ஒன்றும் தெரியவில்லை.