அப்பா பேரில் ஒரு அறை

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டாள். போடியில் எங்கள் தெருவில் எந்தப் பொம்பளையும் தன் வீட்டுக்காரர் பெயரைச் சொன்னதில்லை, அதனால் இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. ஆனால் அம்மா கொஞ்சம் அதிகம். அப்பாவுக்கு வைத்திருந்தது சாமி பேர் என்பதால் அந்தச் சாமியையும் பேர் சொல்லிக் கும்பிட மாட்டாள். கோயிலில் பூசாரி "எந்தச் சாமிக்கும்மா அர்ச்சனை?" என்று கேட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். ரேஷன் கடையோ, ஆஸ்பத்திரியோ, ஓட்டுப் போடுகிற இடமோ, எங்கே வீட்டுக்காரர் பேர் கேட்டாலும் என் விலாவில் ஒரு இடி விழும். "சொல்லுடி." நான் சொல்லுவேன். ஐந்து வயதிலிருந்து எனக்கு அது ஒரு சோலி. நான் ஒத்தைப் பிள்ளை, வேறு ஆளும் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இங்கிலாந்தில் படிக்க இடம் கிடைத்தது. செடிகளுக்கு வருகிற நோயைப் பற்றிய படிப்பு. போடிமெட்டுக்கு அங்கிட்டு மலைச் சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. இலையில் வெளுத்த கோடு விழுந்து, தூர் குறுகி, காய் பிடிக்காமல் செடி செடியாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்பா அந்தச் செடிகளை வேரோடு பிடுங்கி எரிப்பார், எரித்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் விவசாயம் படித்ததே அந்தப் பார்வையால்தான்.

விண்ணப்பத்தை அடிக்க பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த டைப்பிஸ்டிடம் போனோம். அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். டைப்பிஸ்ட் நிமிர்ந்து, "அண்ணே, ஒங்க குடும்பத்துக்கு என்ன பேரு?" என்றார்.

"எங்க குடும்பத்துக்கு எதுக்குய்யா பேரு? போடில யாரக் கேட்டாலும் சொல்லுவானே" என்றார் அப்பா.

கட்டத்தை வெறுமனே விடக் கூடாதாம். டைப்பிஸ்ட் கொஞ்ச நேரம் யோசித்தார், அப்பா பெயரை அடித்தார். பாஸ்போர்ட்டிலும் அப்படியே வந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இனிஷியலாக ஒற்றை எழுத்தில் கிடந்த அப்பா முழுசாக எழுந்து உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். சித்தப்பா, "பொட்டப் பிள்ளையக் கடல் தாண்டி அனுப்புறியேண்ணே, கல்யாணத்தயும் அங்கிட்டே முடிச்சிருவியா?" என்று கேட்டார். "மொதல்ல செடிக்கு வைத்தியம் பாக்கட்டும்டா" என்று அப்பா முடித்துவிட்டார். இதையெல்லாம் நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கவில்லை, எதிரிலேயே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டு கேட்டேன். என்னைப் பற்றிப் பேசும்போது நான் எதற்கு எழுந்து போக வேண்டும்?

அம்மாவின் பிரச்சினை கல்யாணம் இல்லை. அந்த வருஷம்தான் அப்பா தோட்டத்தில் காய் உலர்த்துகிற ஸ்டோர்ப் படியில் தலை சுற்றி விழுந்திருந்தார். ரத்தக்கொதிப்பு என்றார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அவர் எதையும் குறைக்கவில்லை. ஒருநாள் அம்மா என் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்:

"நீ பாட்டுக்குப் போயிருவ. அவுகளுக்கு ஒண்ணுன்னா நான் எப்படிடி ஒன்னக் கூப்புடுவேன்?"

அப்பா வெளியிலிருந்து, "நான் போயிட்டேன்னா ஒரு தந்தி அடிச்சு விடு" என்று சிரித்தார். மூன்று நாள் அவருக்குக் குழம்பில் உப்பே இல்லை. டாக்டர் சொன்னதை அம்மா நிறைவேற்றியது அந்த மூன்று நாள்தான்.

விடுதியின் போன் நம்பரை ஒரு தாளில் பெரிது பெரிதாக எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். "போஸ்ட் ஆபீஸ்ல போய் இதக் காட்டு. டிரங்க் கால் போட்டுக் குடுப்பாங்க. என்னக் கேளு, வந்துருவேன்" என்றேன். அவள் அந்தத் தாளைத் தொட்டுப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

குளிர் குளிர் என்று ஆளாளுக்குப் பயம் காட்டினார்கள். மார்கழியில் மலை மேல் படுத்தவளுக்கு அது ஒரு விஷயமா? தோட்டத்து ஆள்கள் போர்த்துகிற கறுப்புக் கம்பளியில் ஒன்றைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன். அம்மா அதற்குள் அரைக் கிலோ ஏலக்காயைச் செருகிவிட்டாள். அங்கே போய் இறங்கியதும் பெட்டியைத் திறந்த அதிகாரி மூக்கைச் சுருக்கினார், பிறகு இன்னொரு தரம் மோந்தார், பிறகு போகச் சொல்லிவிட்டார்.

நான் போன ஊர் இங்கிலாந்தின் வடக்கில் இருந்தது. எந்நேரமும் நசநசவென்று மழை. எனக்கு அது ஆடி மாச மலை மாதிரிதான் இருந்தது. உருளைக்கிழங்கைத் தினமும் தின்னலாம் என்றும் பழகிக்கொண்டேன். பழக முடியாதது ஒன்றுதான். என் அறைக் கதவில் ஒரு சின்ன அட்டை செருகியிருந்தார்கள். அதில் அப்பாவின் பெயர் முழுசாக இருந்தது. என் பெயர் அதற்கு முன்னால் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிக் கிடந்தது. ஊரில் இருந்ததற்கு நேர் தலைகீழ்.

முதல் வாரம் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் அப்பாவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். ஆமாம், அப்பா வந்து நிற்கிறாரோ என்றுதான் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு ஆப்சென்ட் போட்டார்கள். விடுதி வாசல் அறையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் காலையில் அப்பா பெயருக்கு முன்னால் ஒரு 'மிஸ்' சேர்த்து வணக்கம் சொல்லுவார். எனக்குச் சுர்ரென்று வரும். ஊரில் அப்பாவை அவர் வயசுக்காரர்கள்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இவர் யார்? என் சொந்தப் பெயரைச் சொல்லித் திருத்திப் பார்த்தேன். மரியாதையாகத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு, மறுநாளும் அதையே சொன்னார். போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதை அப்பாவுக்கு எழுதினேன். ரொம்ப சந்தோஷமாகப் பதில் போட்டார். "ஆத்தா, நானே போடிமெட்டத் தாண்டி நாலு ஊரு பாத்ததில்ல. எம் பேரு சீமைக்குப் போயிருச்சு பாரு." மாசம் இரண்டு கடிதம் வரும். மழை எப்படி, ஜீப்பு எந்த வளைவில் நின்று போனது, எத்தனை செடியைப் பிடுங்கினார், இதுதான் இருக்கும். கடைசியில் அம்மா நன்றாக இருக்கிறாள் என்று ஒரு வரி.

பொங்கலுக்குப் பிறகு கடிதம் வரவில்லை. இரண்டு வாரம் போனது. தோட்டத்தில் வேலையாக இருப்பார் என்று நினைத்தேன். மூன்றாவது வாரம் கோபம் வந்தது. எழுத ஐந்து நிமிஷம் ஆகுமா இந்த மனுஷனுக்கு? நான்காவது வாரம் கோபமும் போய்விட்டது. தினமும் வாசல் அறையில் கடிதம் போடுகிற புறாக்கூண்டுப் பெட்டியில், அப்பா பேர் எழுதிய குழிக்குள் கையை விட்டுத் துழாவினேன். கண்ணுக்கு வெறுமையாகத் தெரிந்தாலும் கை விடாது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன், இலையை நசுக்கிச் சாறெடுத்தேன், எழுத வேண்டியதை எழுதினேன்.

ஒருநாள் மத்தியானம் வேலை முடிந்து விடுதிக்கு வந்தபோது வாசல் பெரியவர் எழுந்து கையைக் காட்டினார். போன் ரிசீவர் மேசை மேல் படுத்திருந்தது. யாரோ ஒரு அம்மா, வெகு தூரத்திலிருந்து பேசுகிறார்கள், உன் பெயரைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை, திரும்பத் திரும்ப அதையே சொல்கிறார்கள் என்றார்.

எடுத்துக் காதில் வைத்தேன். இரைச்சல். அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல், அப்பாவின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் வந்தது அவளுக்குத் தெரியாது. உரக்க, எழுத்தெழுத்தாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். நிறுத்தி மூச்சு வாங்கி மறுபடி சொன்னாள். இருபத்து மூன்று வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தப் பெயரை நான் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. அவள் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பா போய்விட்டார் என்று நினைத்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா" என்றேன்.

"ஏடி, நீயா? நீதானா?"

"அப்பா எப்பம்மா போனாரு?"

"அடி வாயில அடி! அவுக இந்தா எம் பக்கத்துலதான் நிக்கிறாக."

எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வாசல் பெரியவர் நாசூக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா அவசர அவசரமாகச் சொன்னாள். பொங்கல் முடிந்த மறுவாரமே தோட்டத்தில் அப்பா விழுந்திருக்கிறார். ஜீப்பில் போட்டு அத்தனை வளைவும் இறக்கி மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இப்போது தேவலை, மெல்ல நடக்கிறார். வலது கை வரவில்லை, பேச்சு வரவில்லை. அதனால்தான் கடிதம் இல்லை.

"முந்தாநாளும் போன் போட்டேன்டி. அங்கிட்டு எடுத்தவன் ஏதோ கேட்டான், ஒம் பேரச் சொன்னேன். படக்குன்னு வச்சுட்டான். போஸ்ட் ஆபீஸ் தம்பிதான் ஒன் கடிதாசியத் திருப்பிப் பாத்துட்டு, 'அங்க ஒங்க மக பேரு செல்லாதுக்கா, அண்ணன் பேருதான் எழுதிருக்கு, அதச் சொல்லுங்க'ன்னுச்சு. நீ சொல்லுப்பான்னேன். 'போன் கூண்டுக்குள்ள நீங்கதான நிக்கணும்'னுருச்சு."

"சொல்லிட்டியேம்மா."

"வேறென்ன செய்ய? அவுகள வச்சுக்கிட்டே சொன்னேன்."

பின்னால் ஏதோ சத்தம் கேட்டது, பேச்சு மாதிரியும் இருமல் மாதிரியும்.

"அப்பா என்னம்மா செய்யிறாரு?"

"சிரிக்கிறாக. ஒரு பக்கமாச் சிரிக்கிறாக."

நான் கிளம்பி வருகிறேன் என்றேன். படிப்பு கிடக்கட்டும், அடுத்த வாரமே வர்றேன் என்றேன். மூன்று நிமிஷம் முடியப் போகிறது என்று நடுவில் ஒரு குரல் சொன்னது. அம்மா அதற்கு மேல் கத்தினாள்.

"வராத! படிச்சு முடிச்சிட்டு வா. அவுகளுக்கு ஒண்ணுன்னா நான் கூப்புட மாட்டனா? எனக்குத்தான் இப்பக் கூப்புடத் தெரிஞ்சுபோச்சே."

லைன் அறுந்தது. ரிசீவரை வைத்துவிட்டு நின்றேன். வாசல் பெரியவர் அப்பாவின் பெயரைச் சொல்லி, ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். அதன் பிறகு அவர் அந்தப் பெயரைச் சொல்லும்போது எனக்குச் சுர்ரென்று வந்ததில்லை.