ஏழாம் எண் பெட்டி

அந்த ராட்டினத்தில் மொத்தம் பன்னிரண்டு பெட்டிகள். ஒற்றைப்படை எண்கள் மஞ்சள், இரட்டைப்படை எண்கள் நீலம். ஏறிப் பார்க்காமலே இதை நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பூங்காவின் கம்பிவேலிக்கு வெளியே நின்றால் அது ஒன்றுதான் முழுதாகத் தெரியும்.

செண்பகனூர்ப் பக்கம் எங்கள் குடியிருப்பை ஒட்டிய சரிவில் அந்தக் கேளிக்கைப் பூங்கா வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பா அங்கே தோட்டவேலை பார்த்தார். அதற்காக அவருக்கு ஒரு பச்சை ஸ்வெட்டர் கொடுத்திருந்தார்கள். அவருடைய அக்கா, என் அத்தை, ராட்டினத்தின் அடித்தளத்துக்குக் கல்லும் ஜல்லியும் சுமந்தவர். "தொறக்கிற அன்னிக்கு மொத சுத்து ஒங்களுக்குத்தான்" என்று மேஸ்திரி சொல்லியிருந்தாராம். திறந்த அன்று கல் சுமந்தவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போது எல்லாரும் ராட்டினத்தின் உச்சியைப் பார்க்க, அத்தை அதன் காலைப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

மே மாதம் முழுக்கப் பூங்காவில் கோடை விழா நடக்கும். வெளியூர்க் கார்கள் எல்லாம் மலையிறங்கிப் போன பிறகு, கடைசியாக ஜூனில் உள்ளூர் மக்கள் தினம். அனுமதி இலவசம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். நாங்கள் போனபோது பூவால் செய்த மயில் பழுப்பேறி, கழுத்து தொங்கி, நோய் வந்த கோழியைப்போல் நின்றது. ஆளுக்கொரு காகிதத் தொப்பியும் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலமும் கிடைத்தன. பேனருக்குப் பின்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். கை தட்டச் சொன்னார்கள், தட்டினோம். போட்டோக்காரர் பெட்டியை மூடியதும் மைக்கில் அறிவிப்பு வந்தது. பராமரிப்பு வேலை இருப்பதால் ராட்டினம் ஓடாது.

சற்று முன்புதான் சிறப்பு விருந்தினர் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் அதில் சுற்றி இறங்கியிருந்தார்கள். நான் எண்ணினேன், ஒன்பது சுற்று.

அத்தை பொட்டலத்தை மடியில் செருகினார். என் கையைப் பிடித்துக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, கீழே நின்ற ஏழாம் எண் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார்.

மேனேஜர் ஓடி வந்தார். "எறங்குங்கம்மா. மெயின்டனன்ஸ்னு சொன்னோம்ல?"

"இப்பத்தானே ஐயா மூணு புள்ளைங்க சுத்துச்சுங்க. அதுக்குள்ள இதுக்கு என்ன நோவு வந்துச்சு?"

"அது டெஸ்டிங்மா."

"எங்களையும் வச்சு டெஸ்ட் பண்ணுங்க சார், நாங்க நல்லா வெயிட்டு இருப்போம்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது. ஆனால் கயிற்றை யாரும் தாண்டவில்லை.

அப்பா தண்ணீர்க் குழாயைப் போட்டுவிட்டு வந்தார். "எறங்குக்கா. எஞ் சோலிக்கு ஒல வச்சிராத."

"நீ போயிச் செடிக்குத் தண்ணி விடுடா தம்பி. ஒன்ன யாரு கூப்புட்டா?"

மேனேஜர் அப்பா பக்கம் திரும்பினார். "ஒங்க அக்காவ நீங்களே எறக்குங்க. இல்லேன்னா திங்கக்கெழம நீங்க வர வேணாம்."

அத்தை குரலை உயர்த்தவில்லை. "எறங்கச் சொன்ன எடத்துலயெல்லாம் எறங்கியாச்சு ஐயா. சிலோன்ல தோட்டத்து லயத்து வீட்ட விட்டு எறங்குன்னாங்க, எறங்குனோம். கப்பல்ல ஏறுன்னாங்க, ஏறுனோம். இது நான் கல்லு சொமந்து நட்ட சாமான். சுத்தாம எறங்க மாட்டேன்."

ராட்டினத்தை இயக்குபவர் மீசை நரைத்த ஒட்டன்சத்திரத்துக்காரர். அவர் மேனேஜரைப் பார்த்து, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார். "நான் சுச்சப் போட்டாலும் ஓடாதுங்க. ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தா மோட்டார் தாங்காது. எதிர்ப் பெட்டியிலயும் ஆளு வேணும்."

"கேட்டீங்கள்ல?" என்றார் மேனேஜர் நிம்மதியோடு.

அப்பா ராட்டினத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டார். "எதிர்ப் பெட்டி எது?"

"ஒண்ணாம் நம்பருங்க. உச்சியில கெடக்கு."

"எறக்குங்க அத."

மேனேஜர் என்னவோ கத்தினார். மோட்டார் தாங்காது என்ற அதே மனிதர் சுவிட்சைப் போட்டார். பெட்டி குலுங்கி நாங்கள் மேலே போனோம். உச்சியில் நின்று பனிக்குள் ஆடியபடி கீழே பார்த்தேன். பச்சை ஸ்வெட்டர் கயிற்றைத் தாண்டி ஒன்றாம் எண்ணில் ஏறியது. பின்னாலேயே பால்காரர், அவர் மனைவி, பக்கத்து வீட்டுச் சின்னம்மா. பிறகு எல்லாரும். கயிறு எங்கே போனதென்றே தெரியவில்லை.

ராட்டினம் சுற்றியது. பனி விலகியபோது எங்கள் வீட்டுத் தகரக் கூரையும் கொடியில் என் பாவாடையும் தெரிந்தன. காட்டலாமென்று திரும்பினால், அத்தை இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்களை இறுக மூடியிருந்தார்.

"மருமவளே, அந்தப் புள்ளைங்க எத்தன சுத்து சுத்துச்சுங்க?"

"ஒம்பது அத்த."

"ஒம்பது ஆனதும் சொல்லு."

சொன்னேன். கண்ணைத் திறக்காமலே கீழே பார்த்துக் கத்தினார். "போதும்யா, நிறுத்து!"

இன்னும் சுற்றலாம் என்று மற்றவர்கள் சத்தம் போட்டார்கள். எனக்கு அழுகையே வந்தது.

திங்கட்கிழமை அப்பா வேலைக்குப் போகாமல் கோழிக்கூட்டுக்குப் புதுக் கதவு செய்தார். எனக்கு ஒரே சந்தோஷம். புதன்கிழமை பூங்காவிலிருந்து ஒருவர் ஸ்வெட்டரை வாங்க வந்தார். அத்தை அதை முன்னாடியே துவைத்து, அடுப்பருகே காயவைத்து, மடித்து வைத்திருந்தார்.

"அடுத்த வருசமும் விழா வைப்பீங்கல்ல?" என்று கேட்டு அதை அவர் கையில் கொடுத்தார். "நாங்க வருவோம்னு ஒங்க மேனேசர் ஐயாகிட்டச் சொல்லுங்க."

அப்பா ஆணியை வாயில் கடித்தபடி சிரித்தார். நான் நோட்டை எடுத்து அடுத்த ஜூனுக்கு எத்தனை மாதம் என்று எண்ண ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டே சுற்றுகிறவருக்கு இன்னொரு தடவை எதற்கு என்பதுதான் பிடிபடவில்லை.