பதினொன்று, இடது

பழைய மாணவர்கள் சேர்ந்து எங்கள் பள்ளிக்கு இருபது ஹெட்போன் வாங்கிக் கொடுத்தார்கள். ஸ்ரீரங்கத்தில் நான் ஆங்கிலம் எடுக்கும் பள்ளி. ஆறாம் வகுப்பில் நாற்பது பேர். கணினி அறையில் இரண்டு பேருக்கு ஒரு கணினி, ஒரு ஹெட்போன். அதை நடுவில் பிடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கத்தைக் காதில் அழுத்திக் கேட்பார்கள்.

முதல் மாதம் எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்தோம். ஒன்றை இழுத்தால் ஐந்து வரும். நாற்பது நிமிட வகுப்பில் பதினைந்து நிமிடம் வயரைப் பிரிப்பதிலேயே போய்விடும். எலி வேறு ஒன்றைக் கடித்து வைத்திருந்தது. சிக்கிய வயரைப் பார்த்தாலே எனக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிடும். உறையூரிலிருந்து பஸ்ஸில் வருவேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று நகரும்போதெல்லாம் அந்த இருபதையும் எப்படி அடுக்குவது என்றே மனம் சுற்றிக்கொண்டிருக்கும். துணிப்பை தைத்துப் பார்த்தேன். சுவரில் ஆணி அடித்துப் பார்த்தேன். வயர் தரையில் புரண்டது.

கடைசியில் தில்லை நகரில் ஒரு கடையில், கதவில் தொங்கவிடும் செருப்புப் பை கண்ணில் பட்டது. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் வரிசையாக அறைகள். அதை வாங்கி வந்து பீரோ கதவின் உள்பக்கம் மாட்டினேன். அறைக்கு ஓர் எண், அதே எண் ஹெட்போனுக்கும் கணினிக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். யார் எந்தக் கணினியில், இடது பக்கமா வலது பக்கமா என்பதுவரை வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பெயர்ச்சீட்டு எழுதி, ஒரு சார்ட்டில் ஒட்டினேன். இனி ஓட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. இரண்டே நிமிடத்தில் வகுப்பு ஆரம்பித்தது. தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டு, "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார்.

அடுத்த வாரம் சார்ட்டில் ஒரு மாற்றம். பதினொன்றாம் கணினியில் இடது பக்கம் இருந்த சீட்டு வலது பக்கத்திலும், வலது பக்கச் சீட்டு இடது பக்கத்திலும் இருந்தன. பிய்த்து ஒட்டிய அடையாளம் தெரிந்தது. நான் மறுபடி சரியாக ஒட்டினேன். இரண்டு நாளில் மறுபடி மாறியிருந்தது. செல்லோ டேப் போட்டு ஒட்டினேன். டேப்பையும் உரித்திருந்தார்கள்.

பதினொன்றில் உட்கார்ந்த இருவரும் பெண்கள், சிநேகிதிகள். ஒருத்தி வாயாடி. இன்னொருத்தி பேசவே மாட்டாள். தொட்டியத்துப் பக்கம் வாழை போடும் குடும்பம். படிப்புக்காக அம்மாவோடு ஸ்ரீரங்கத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். சார்ட்டின்படி இடது பக்கம் அவளுக்கு. பாடம் ஓடும்போது அவள் கணினியைப் பார்க்காமல், உடம்பைத் திருப்பிக்கொண்டு பின்பக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். "முன்னாடி பாரும்மா" என்று நான் இரண்டு மூன்று முறை சொன்னேன். உடனே திரும்பிக்கொள்வாள். கேட்டதை எழுதச் சொன்னால் தாள் காலியாக இருக்கும்.

மூன்றாவது முறை சீட்டு மாறியிருந்த அன்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. வகுப்பை நிறுத்தினேன். இருவரையும் எழுந்து நிற்கச் சொன்னேன்.

"யார் இதை மாத்தறது?"

"நான்தான் மிஸ்" என்றாள் வாயாடி.

"எதுக்கு? ஒரு இடத்துல சொன்னபடி உக்கார முடியாதா உங்களுக்கு?"

அவள் சிநேகிதியைப் பார்த்தாள். சிநேகிதி வேண்டாம் என்று தலையாட்டியதை நானும் பார்த்தேன். பார்த்தும் விடவில்லை. "சொல்லு, எதுக்கு?" என்று மேஜையைத் தட்டினேன்.

"அவளுக்கு வலது காது கேக்காது மிஸ். இடது பக்கம் உக்காந்தா, நடுவுல இருக்கற ஹெட்போனை வலது காதுலதானே வெக்கணும்."

பின்வரிசையில் எவனோ, அவளுக்குக் கேட்கிறதா என்று பார்க்க, மெதுவாக அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் அழவில்லை. ஹெட்போனைக் கழற்றி, வயரைக் கையில் சுற்ற ஆரம்பித்தாள். சுற்றி முடித்தும் மறுபடி பிரித்துச் சுற்றினாள்.

அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஆசிரியர் அறையிலிருந்து கணினி அறைக்கும், அங்கிருந்து கேட்டுக்குமாக நடந்தேன். போன் செய்ய எண்ணை எடுத்து, என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்தேன்.

மூன்றாம் நாள் அவள் அம்மா வந்தார். உட்காரச் சொன்னேன். நின்றபடியே பேசினார்.

"நாலு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சுங்க மிஸ். அதுல போன காது. தில்லை நகர்ல பெரிய டாக்டர்கிட்டயே காட்டிட்டோம், இனிமே வராதுன்னுட்டாங்க. எங்க போனாலும் எந்தப் பக்கம் உக்காரணும்னு அவளே பாத்துப்பா. இத்தனை வருஷமா அந்தச் சிநேகிதியைத் தவிர இங்க யாருக்கும் தெரியாது."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமேங்க."

"சொன்னா செவிட்டுப் பொண்ணுன்னு பேராயிடும்னு அவதான் வேணாம்னா. நீங்க தனியா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல? எல்லார் முன்னாடியும் ஏன் கேட்டீங்க?"

"தப்புதாங்க" என்றேன். அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "முதல் பெஞ்சுல மட்டும் கொண்டுபோய் உக்கார வெச்சிராதீங்க. அப்படி வெச்சா வரமாட்டேங்கறா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே சார்ட்டைக் கிழித்தேன். திங்கட்கிழமை வகுப்பில், "சார்ட் பழசாயிடுச்சு. யாருக்கு எந்தப் பக்கம் வேணுமோ உக்காந்துக்கங்க" என்று மட்டும் சொன்னேன். ஒரே ஓட்டமும் கூச்சலும். அவள் வந்திருந்தாள். சிநேகிதியை இடது பக்கம் தள்ளிவிட்டு வலது பக்கம் உட்கார்ந்தாள். பாடம் முழுக்க நேராகத் திரையைப் பார்த்துக் கேட்டாள். தாளில் பத்துக்கு எட்டு எழுதியிருந்தாள். வகுப்பு முடிந்து பார்த்தால் மூன்றாம் அறையில் பதினான்காம் எண் ஹெட்போன், ஏழாம் அறையில் எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் எடுத்துச் சரியாக வைக்கக் கை பரபரத்தது. வைக்கவும் செய்தேன்.

மதியம் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டு தனியாக நின்றாள். அவளுக்கு இடது பக்கமாகப் போய் நின்றேன்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டது என் தப்பு. மன்னிச்சுக்கோம்மா."

"பரவால்ல மிஸ்" என்றாள். பிறகு டப்பாவை உதறிக்கொண்டே, "அன்னிக்கு என் பேரைக் கூப்பிட்டவன் இன்னும் பின்னாடி வந்து கூப்பிட்டுப் பாக்கறான் மிஸ்" என்றாள்.

"யாருன்னு சொல்லு. நான் கண்டிக்கறேன்."

"வேணாம் மிஸ். நீங்க திட்டினா இன்னும் நாலு பேர் கூப்பிடுவாங்க. அவனுக்கே அலுத்துப்போயிடும்."

மணி அடித்தது. அவள் மூடியை அழுத்திப் பூட்டிக்கொண்டு ஓடினாள். அவள் சொன்னதைக் கேட்பதா, அவனைக் கூப்பிட்டு விசாரிப்பதா என்று புரியாமல், நான் குழாயடிக்கும் மாடிப்படிக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஏழாம் வகுப்புக்கு ஏறினேன்.